வினாடிக்கு எட்டு விம்மல்: மோர்கம் கரைக்கு ஒரு ராக் ஆல்பம்

அலையோசையோடு தொடங்காதீர்கள். மங்கிப்போன கடற்கரை ஊரைப் பற்றிக் கான்செப்ட் ஆல்பம் (ஒரே கருவைச் சுற்றிய பாடல் தொகுப்பு) செய்யக் கிளம்பும் எந்த இண்டி ராக் குழுவுக்கும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயரில் இருக்கும் மோர்கம் ஊரை எடுத்துக்கொண்டால் இதில் சமரசமே கூடாது. அங்கே கடல் அடிப்பதில்லை. வருகிறது, போகிறது.

மோர்கம் விரிகுடாவில் ஓதம் (ஏறி இறங்கும் கடல்நீர்) வற்றினால் சுமார் 310 சதுர கிலோமீட்டர் மணலும் சேறும் வெளியே தெரியும். பிரிட்டனில் இவ்வளவு பெரிய சேற்றுப்பரப்பு வேறில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே 10 மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். ஆனால் அந்த நீர் சுருண்டு எழுந்து உடைவதில்லை. பாய் விரித்தாற்போல் தட்டையான மணல்மேல் பரவி வரும். காதுக்குக் கிடைப்பது ஒரு மெல்லிய சீறல், மணலில் உள்ள கால்வாய்கள் நிரம்பும் களகளப்பு, அதற்கு மேலே பறவைகள். இணையத்தில் 'கடல் அலை' என்று தேடினால் கிடைக்கும் ஒலிக்கோப்பு எதுவும் இந்த ஊருடையது அல்ல. ஊர்க்காரர் ஒருவர் கேட்டால் முதல் ஐந்து வினாடியிலேயே உங்கள் ஆல்பத்தை நம்புவதை விட்டுவிடுவார்.

இந்த வகை ஆல்பங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. பாழடைந்த படகுத்துறை, மூடிய கடைகள், மழை, ஒற்றைக் கடற்புறா என்று பாடல் வரிகள் புலம்பும். பின்னணியில் கிட்டாரும் டிரம்ஸும் எந்த ஊருக்கும் பொருந்துகிற மாதிரி வாசித்துக்கொண்டிருக்கும். வீழ்ச்சி வரிகளில் மட்டும் இருக்கிறது, ஒலியில் இல்லை. கருவிகளும் சுருதியும் அறையின் எதிரொலியும் இசைத்தட்டின் பள்ளமும் தேய்வதைக் காதால் கேட்க வைத்தால், பாடகர் 'போயிற்றே' என்று ஒரு தடவைகூடச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே ஆண்டு போதும்

நூற்றாண்டு வரலாற்றை 40 நிமிடத்தில் அடைக்க முயல வேண்டாம். மோர்கமுக்கு 1977 என்ற ஓர் ஆண்டு இருக்கிறது. 1897-ல் கட்டிய விண்டர் கார்டன்ஸ் அரங்கம் அந்த ஆண்டில் மூடப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் புயலில் வெஸ்ட் எண்ட் படகுத்துறை சிதைந்தது. அடுத்த ஆண்டு மிச்சத்தையும் அகற்றினார்கள். ஒரு கோடை, ஒரு பூட்டு, ஒரு புயல். ஆல்பத்தின் முதுகெலும்பு தானாகவே அமைந்துவிடுகிறது.

இந்த ஆண்டை இசைத்தட்டின் இரண்டு பக்கங்களாகப் பிரியுங்கள். முதல் பக்கம் ஓதம் ஏறுவது, இரண்டாம் பக்கம் வற்றுவது. ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு 12 மணி 25 நிமிடம் ஆகும்; அதாவது உச்ச நீர் வரும் நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். வரிகளில் மணி சொல்வதானால் இதை மீறாதீர்கள். திங்கள் காலை 9 மணிக்கு நீர் உச்சத்தில் இருந்ததாகப் பாடிவிட்டு வியாழன் காலை 9 மணிக்கும் உச்சம் என்றால் கதை உடைந்துவிடும்.

பழைய காலம் தேவைப்படும் இடத்தில் இரண்டு செய்திகள் தனித்தனிப் பாட்டுக்குத் தாங்கும். 1905-லிருந்து கால் நூற்றாண்டு அளவுக்கு அந்தக் கரையில் கப்பல் உடைக்கும் தளம் இயங்கியது. ஓய்வுபெற்ற போர்க்கப்பல்களை உடைப்பதற்கு முன்னால் மக்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். உல்லாசத்துக்கு வந்த ஊரில் உடைவதே ஒரு காட்சி. இன்னொன்று, ரயில் கம்பெனி 1933-ல் திறந்த மிட்லண்ட் ஹோட்டல். வளைந்த வெள்ளைக் கட்டடம், ஆலிவர் ஹில் வடிவமைத்தது. அதன் தேநீர்க்கூடத்தில் எரிக் ரவிலியஸ் தீட்டிய சுவரோவியம், சுவர்ப்பூச்சு சரியாகக் காயாததால் ஓரிரு ஆண்டுகளிலேயே உரிந்து விழுந்தது. ஊர் செழித்திருந்த காலத்திலேயே சுவர் உரிந்தது என்பதை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வையுங்கள்; இரண்டாம் பக்கத்தில் வைத்தால் வழக்கமான ஒப்பாரியாகிவிடும்.

ஊரின் சுருதி: ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே

லங்காஸ்டரிலிருந்து மோர்கம் வரும் ரயில்பாதையை 1908-ல் மின்மயமாக்கினார்கள்: 6,600 வோல்ட், 25 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 25 அதிர்வு). 1951-ல் அதை நிறுத்தி, 1953-ல் அதே பாதையை 50 ஹெர்ட்ஸில் சோதனைக்காக மறுபடி ஓட்டினார்கள். 1966 தொடக்கத்தில் அந்த மின்ரயிலும், அது போன பாதையும் மூடப்பட்டன. 25-லிருந்து 50 என்பது சரியாக ஒரு ஸ்தாயி. இதைவிட நல்ல பேஸ் வரியை எந்த இசையமைப்பாளராலும் கற்பனை செய்ய முடியாது: கீழ் ஷட்ஜத்தில் நீண்ட நேரம், ஓர் இடைவெளி, பிறகு மேல் ஷட்ஜம், பிறகு மௌனம்.

பிரிட்டனில் வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான். கரையோர விளக்குகளுக்கான டிரான்ஸ்ஃபார்மர்கள் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் முனகும். மோர்கமின் விளக்கு அலங்காரங்கள் 1990-களில் நின்றுபோயின. முனகல் மட்டும் இன்றும் ஊரில் எங்கேயும் கிடைக்கும். இது எந்தச் சுரம் என்று பார்த்தால், ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற வழக்கமான கணக்கில் ஜி சுரம், அதாவது நம் ஐந்து கட்டை, 98 ஹெர்ட்ஸில் நிற்கிறது. ஊரின் முனகல் அதைவிட 35 சென்ட் மேலே (ஓர் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்).

இங்கே இரண்டு வழி. முனகலைக் கணினியில் 35 சென்ட் கீழிறக்கி இசைக்குழுவோடு சேர்ப்பது எளிது. ஆனால் ஊரை உங்களுக்காக வளைப்பது இந்த ஆல்பத்துக்குத் தவறு. குழு ஊருக்கு வர வேண்டும். டியூனரில் ஏ சுரத்தை 449 என்று வைத்து எல்லாக் கிட்டாரையும் பேஸையும் கூட்டுங்கள். பல பெடல் டியூனர்கள் 445-க்கு மேல் போகாது. அப்படியானால் 100 ஹெர்ட்ஸ் சைன் அலையை (ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள ஒலி) ஹெட்ஃபோனில் ஓடவிட்டு, கிட்டாரின் ஆறாம் தந்தியில் மூன்றாம் கட்டத்தைப் பிடித்து, இரண்டு ஒலிக்கும் நடுவே கேட்கும் அசைவு நிற்கும்வரை முறுக்குங்கள். தந்தியின் இழுவிசை 4 சதவீதம்தான் கூடும், அறுந்துபோகும் பயம் வேண்டாம். பியானோவைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு பாட்டுக்காகப் பியானோவின் 200-க்கும் மேற்பட்ட தந்திகளை ஏற்றினால் ஒரு வாரத்தில் அது பழைய இடத்துக்கே சரியும், நடுவில் எதனோடும் சேராது.

ஆர்கனும் அதன் காந்தாரமும்

படகுத்துறைக் கலைநிகழ்ச்சியின் குரல் ஆர்கன். அரங்கத்தில் இருப்பது போன்ற பெரிய பைப் ஆர்கன் தேவையில்லை. கையால் துருத்தி அடிக்கும் நம் ஊர் ஹார்மோனியமே போதும். அதுவும் 1842-ல் பிரான்சில் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை பெற்ற ரீட் ஆர்கனின் வழிவந்ததுதான். உள்ளே பித்தளை நாக்கு. நாக்கின் நுனியில் அழுக்குப் படிந்தால் கனம் கூடிச் சுருதி இறங்கும். அடிப்பகுதி அரித்துப்போனால் விறைப்புக் குறைந்து அப்போதும் சுருதி இறங்கும். உப்புக்காற்றில் இரண்டுமே நடக்கும். ஆக, கடற்கரை ஆர்கன் காலப்போக்கில் கீழேதான் போகும், மேலே போகாது. இந்தத் திசையைத் தவறவிடாதீர்கள்.

எட்டு அளவுகள் (ஒரு தாளச் சுற்று ஓர் அளவு) கொண்ட ஒரு மெட்டு எழுதுங்கள், முக்கால் தாளத்தில், நிமிடத்துக்கு 84 முதல் 90 அடி. இங்கிலாந்து நடனக்கூடங்களின் மெதுவான வால்ட்ஸ் ஓடும் வேகம் அது. இதைவிட வேகமானால் சர்க்கஸ். மெதுவானால் சவ ஊர்வலம். இந்த மெட்டு ஆல்பத்தில் நான்கு முறை வரும்.

ஹார்மோனியம் 440-ல் கூட்டப்பட்டிருந்தால் அது ஊரைவிட 35 சென்ட் கீழே இருக்கும். (பல பெட்டிகள் 440-லும் இருக்காது. முதலில் அளந்து, கீழே சொல்லும் எண்களை அதற்கேற்ப மாற்றுங்கள்.) ஒலிப்பதிவு முடிந்ததும் முதல் வருகையில் மட்டும் மென்பொருளால் 35 சென்ட் உயர்த்துங்கள், குழுவோடு துல்லியமாகச் சேரும். இரண்டாம் வருகையில் 20 சென்ட் மட்டும் உயர்த்துங்கள். மேல் ஷட்ஜத்தில், அதாவது 400 ஹெர்ட்ஸ் பக்கத்தில், குழுவுக்கும் ஆர்கனுக்கும் நடுவே வினாடிக்கு மூன்றரை அசைவு கேட்கும். இயற்பியல் பாடப்புத்தகம் இந்த அசைவுக்கு வைத்த பெயர் 'விம்மல்'. இவ்வளவு பொருத்தமான கலைச்சொல் வேறு மொழியில் இருக்கிறதா என்று தெரியவில்லை. மூன்றாம் வருகையில் அதே 20 சென்ட், ஆனால் காந்தாரம் இல்லை. நான்காம் வருகையில் எந்தத் திருத்தமும் இல்லாத அசல் பதிவு: 392-க்கும் 400-க்கும் நடுவே வினாடிக்கு எட்டு விம்மல். கேட்பவருக்கு ஆர்கன் கெட்டுப்போனதாகத் தோன்றும். உண்மையில் நீங்கள் திருத்துவதை நிறுத்தியிருக்கிறீர்கள். பராமரிப்பு நின்ற ஊரில் நடந்ததும் இதுதான்.

காந்தாரத்தைப் பிடுங்குவது ஏன்? ஷட்ஜமும் பஞ்சமமும் போனால் மெட்டே விழுந்துவிடும், கேட்பவர் வாசித்தவர் மேல்தான் சந்தேகப்படுவார். காந்தாரம் போனால் மெட்டு நிற்கும், முகம் மட்டும் போய்விடும். மகிழ்ச்சியா துக்கமா என்று சொல்வது அந்த ஒரு சுரம்தான். இதற்கு ஒரு முன்னேற்பாடு வேண்டும்: மெட்டு எழுதும்போதே முதல் அளவிலும் ஐந்தாம் அளவிலும் காந்தாரத்தை முதல் அடியில், நீட்டமாக வையுங்கள். போகிறபோக்கில் வரும் சுரத்தை எடுத்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

கருவியில் அதை ஊமையாக்க, ரீட் நாக்குக்கு அடியில் மெல்லிய காகிதத் துண்டைச் செருகுங்கள். இரட்டை ரீட் பெட்டியானால் இரண்டு வரிசையிலும் செருக வேண்டும். கப்ளர் (ஒரு கட்டையோடு அடுத்த ஸ்தாயியின் கட்டையையும் சேர்த்து அழுத்தும் இணைப்பு) இழுத்திருந்தால் அடுத்த ஸ்தாயியின் காந்தாரம் எட்டிப்பார்க்கும், அதை மூடிவிடுங்கள். நாக்கை விரலால் வளைத்து ஊமையாக்க முயலவே கூடாது. அந்தச் சுருதி நிரந்தரமாகக் கெடும். வாசிப்பவர் கை பழக்கத்தில் பக்கத்துச் சுரத்துக்குத் தாவும். தாவ விடாதீர்கள். கட்டையை அழுத்த வேண்டும், காற்று மட்டும் வர வேண்டும். இரண்டு மைக் வையுங்கள்: ஒன்று ரீட் பக்கம் 40 சென்டிமீட்டரில், இன்னொன்று துருத்திக்குப் பின்னால் 20 சென்டிமீட்டரில். முதல் வருகையில் துருத்தி மைக் மூடியே இருக்கட்டும். இரண்டாவதில் மெல்லத் திறந்து, பிறகு ஒவ்வொரு வருகையிலும் 4 டெசிபல் ஏற்றி, நான்காவதில் மூச்சு மெட்டுக்குச் சமமாக நிற்கட்டும்.

ஆளில்லாத அரங்கின் எதிரொலி

இது பலருக்குத் தோன்றாத கருவி. மனித உடலும் கம்பளிக் கோட்டும் ஒலியை உறிஞ்சும். நிரம்பிய அரங்கில் எதிரொலி குட்டை, காலி அரங்கில் நீளம். ஆகவே ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) நேரத்தை இருக்கை எண்ணிக்கையாகப் பயன்படுத்தலாம். முதல் பக்கத்தின் நடனக்கூடப் பாட்டில் 1.2 வினாடி, இரண்டாம் பக்கத்தில் அதே மெட்டு வரும்போது 2.5 வினாடி. அறையின் அளவு மாறக்கூடாது, அது அதே அரங்கம்தானே. எனவே ப்ரீ-டிலேயை (எதிரொலி தொடங்கும் முன் வரும் இடைவெளி) இரண்டிலும் 30 மில்லிவினாடியிலேயே வைத்து, தேய்வு நேரத்தை மட்டும் கூட்டுங்கள். உயர் அதிர்வெண்களில் வித்தியாசம் அதிகம் தெரியும், ஏனென்றால் துணி அங்கேதான் நன்றாக உறிஞ்சும். காலி அரங்கத்துக்கு 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள தணிப்பைக் குறைத்துவிடுங்கள்.

டிரம்ஸுக்கு இதே ரிவெர்பை அப்படியே கொடுத்தால் பாட்டு சேறாகும். ஸ்னேர் டிரம்முக்கு மட்டும் கொடுத்து, காலால் அடிக்கும் கிக் டிரம்மை ரிவெர்ப் இல்லாமல் உலர்வாக விடுங்கள். கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபையரின் ஸ்ப்ரிங் ரிவெர்ப் போதும்.

கரையில் ஒலிப்பதிவு

மிட்லண்ட் ஹோட்டலுக்குப் பக்கத்தில் கடலுக்குள் நீளும் ஸ்டோன் ஜெட்டிதான் இடம். மணலில் இறங்காதீர்கள். புதைமணலும், முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் நிரம்பும் கால்வாய்களும் அங்கே உயிரை எடுத்திருக்கின்றன. மணலைக் கடப்பவருக்கு வழிகாட்ட 16-ஆம் நூற்றாண்டிலிருந்து அரச நியமனத்தில் ஒரு வழிகாட்டி இருப்பது சும்மா அல்ல.

உச்ச நீருக்கு 90 நிமிடம் முன்பிருந்து 30 நிமிடம் பின்வரை பதிவு செய்யுங்கள். நீர் ஏற ஏறச் சேற்றில் மேய்ந்த பறவைகள் கரையை நோக்கித் தள்ளப்பட்டு நெருங்கி வரும், அப்போதுதான் குரல் தெளிவாகக் கிடைக்கும். முக்கியமான குரல் கர்லூ பறவையுடையது. வளைந்த நீள அலகு, மேலேறிக் குமிழியிடும் கூவல். தமிழில் குதிரைமலைக் கோட்டான் என்பார்கள். ஆந்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோடியக்கரைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் பனிக்காலத்தில் வரும் அதே இனம்தான். குரலைக் கேட்டுப் பழக மோர்கம் வரை போகவேண்டியதில்லை.

விடியலில் பதிவு செய்யுங்கள். கரையை ஒட்டியே மரைன் ரோடு ஓடுகிறது. காலை 7 மணிக்கு மேல் கார் டயர் ஓசையும் ஓதத்தின் சீறலும் ஒரே அதிர்வெண்ணில் கலந்துவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. எல்லாத் திசையிலும் கேட்கும் ஓம்னி மைக் இரண்டு, 40 சென்டிமீட்டர் இடைவெளி, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 12 டெசிபல். நுரைப்பஞ்சு உறை அந்தக் காற்றுக்குத் தாங்காது, முடி அடர்ந்த காற்றுத்தடுப்பு உறை கட்டாயம். ஒவ்வொரு பதிவும் 10 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. ஒரு நிமிடப் பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டினால், அதே பறவை அதே இடத்தில் கூவுவதை மூன்றாம் சுற்றில் காது பிடித்துவிடும்.

காசு விளையாட்டுக்கூடம் ஒன்றும் வேண்டும். இயந்திரங்கள் பாடும் மெட்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு, அவற்றைப் பதிவு செய்தால் பின்னால் தலைவலி. காசு விழும் ஓசை மட்டும் போதும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1992 செப்டம்பருக்குப் பிறகு 2 பென்ஸ் காசு செம்பு பூசிய எஃகால் ஆனது, அதற்கு முன் வெண்கலம். கதை 1977-ல் நடக்கிறதென்றால் வெண்கலக் காசுதான் விழ வேண்டும், ஓசை வேறு. காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டாதவற்றில் 1992-க்கு முந்தைய ஆண்டு போட்டவற்றைப் பொறுக்கி, தகரத் தட்டில் நீங்களே கொட்டிப் பதிவு செய்யுங்கள். இருபது காசு போதும். 1971 பிப்ரவரி 15-க்கு முன் நடக்கும் காட்சியானால் 2 பென்ஸ் என்ற காசே கிடையாது. ஒன்பதரை கிராம் எடையுள்ள பழைய பெரிய பென்னிதான்.

பாட்டில் யார் பேசுவது

ஊரே பேசுவதாக எழுதினால் யாரும் பேசாத மாதிரி இருக்கும். தங்கும் விடுதி நடத்திய பெண், ஆர்கன் வாசித்தவர், உள்நாட்டு ஆலை நகரமான பிராட்ஃபோர்டின் கம்பளி ஆலையில் வேலை செய்தவர் என்று மூன்று பேர் போதும். மோர்கமுக்குக் 'கடலோர பிராட்ஃபோர்டு' என்றே பட்டப்பெயர் இருந்தது. பிராட்ஃபோர்டு ஆலைகள் ஆகஸ்டில் மொத்தமாக மூடும் விடுமுறை வாரத்துக்கு 'போலிங் டைட்' என்று பெயர். இதில் 'டைட்' என்பது ஓதமல்ல, திருவிழாக்காலத்தைக் குறிக்கும் பழைய சொல். ஆனால் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆலைத்தெரு முழுக்க ஒன்றாக ஏறி வந்து, வாரம் முடிந்ததும் ஒன்றாக வற்றிப்போகும். ஆங்கிலத்தில் எழுதும் கவிஞருக்கு இந்தச் சிலேடை ஒரு முழுப்பாட்டு. தமிழில் எழுதுவதானால் சிலேடையை விட்டுவிட்டு, தெருவே ரயிலேறும் காட்சியைப் பிடியுங்கள்.

விடுதிப் பெண்ணுக்குக் கணக்குநோட்டைக் கொடுங்கள். பல விடுதிகளில் விருந்தினர் தாங்களே மளிகை வாங்கிவர, வீட்டுக்காரி சமைத்துத் தருவார். அறைக்கு ஒரு தொகை, சமையலுக்கு ஒரு தொகை, குளியலுக்குத் தனி, மேசையில் வைக்கும் உப்பு மிளகுக் குப்பிக்குக்கூடத் தனி. முதல் பக்கத்தில் இந்தப் பட்டியலை வேகமாகப் பாடட்டும். இரண்டாம் பக்கத்தில் அதே பட்டியல், ஆனால் வாடகை மட்டும், வாரக் கணக்கில், குளிர்காலத்திலும். விடுதி ஒற்றை அறைகளாகப் பிரிக்கப்பட்டு வேறிடமில்லாதவர்கள் தங்கும் வீடாகிவிட்டது. இந்த மாற்றத்துக்கு விளக்கம் தேவையில்லை, பட்டியல் குறுகுவதே போதும்.

காரணத்தையும் ஒரு பாட்டாவது சொல்ல வேண்டும். 1938-ல் வந்த சம்பளத்தோடு கூடிய விடுமுறைச் சட்டம் போருக்குப் பின் கூட்டத்தைக் கொண்டுவந்தது. பிறகு கம்பளி ஆலைகள் மூடின. மலிவு விமானத்தில் ஸ்பெயின் போவது சாத்தியமானது. காரில் போகிறவர் எங்கும் நிற்காமல் வடக்கே ஏரி மாவட்டத்துக்குப் போய்விட்டார். கடற்கரை ஊர் தானாகச் சாகவில்லை. அதற்குக் காசு அனுப்பிய ஊர் முதலில் செத்தது. ஆலைத் தறியின் தாளத்தை டிரம்ஸில் ஒரு பாட்டு முழுக்க வைத்து, நடுவில் திடீரென நிறுத்திப் பாருங்கள். ஆர்கன் மட்டும் இன்னும் நான்கு அளவு அறியாமல் வாசித்துக்கொண்டிருக்கட்டும்.

எதை விடுவது என்பதும் ஒரு வேலை. 1994-ல் தொலைக்காட்சி நிகழ்ச்சியை ஒட்டித் திறந்து 13 வாரத்தில் மூடிய கேளிக்கைப் பூங்காவைக் கேலிப்பாட்டாக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். வேண்டாம். அது ஊருக்கு வெளியிலிருந்து சிரிக்கும் சிரிப்பு.

2004 பிப்ரவரி 5 இரவு வேறு விஷயம். அந்த மணலில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள், ஏறிவந்த ஓதத்தில் சிக்கிக் குறைந்தது 21 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு தொழிலாளர் கங்காணிகளுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. 1977-ஐப் பாடும் ஆல்பத்தில் இதற்கு இடமில்லாமல் போகலாம், அது நேர்மையான முடிவு. சேர்ப்பதானால் ஆல்பத்தின் உச்சகட்டச் சோகமாக, பின்னால் வயலின் கூட்டத்தோடு வைக்காதீர்கள். அவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள் அல்ல, இரவு வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள். குரலும் ஒரு கிட்டாரும் போதும். நிஜ ஓதத்தின் ஒலியை அந்தப் பாட்டின் அடியில் போடவே கூடாது.

தட்டில் ஏற்றும்போது

பன்னிரண்டு அங்குல எல்.பி.யில் பக்கத்துக்கு 18 முதல் 20 நிமிடம். 22-ஐத் தாண்டினால் பள்ளங்களை நெருக்க வேண்டிவந்து ஒலியளவு இறங்கும், கீறல் சத்தம் மேலே வரும். பக்கத்துக்கு ஐந்து பாட்டு சரியான கணக்கு.

தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில் சுழல்கிறது. ஆனால் ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம் வெளிவிளிம்பில் வினாடிக்கு 51 சென்டிமீட்டர், உள்வளையத்தில் 21 சென்டிமீட்டர். அதே ஒலியைப் பாதி நீளத்துக்கும் குறைவான இடத்தில் அடைக்க வேண்டியிருப்பதால் உயர் ஒலிகள் மங்கும், 'ஸ', 'ஷ' எழுத்துகள் கிழியும். எல்லோரும் இதைக் குறை என்று நினைத்துப் போராடுவார்கள். இந்த ஆல்பத்துக்கு இது ஓர் உதவி. தட்டே உள்ளே போகப் போகத் தேய்கிறது. காந்தாரம் இல்லாத வருகையை இரண்டாம் பக்கத்தின் நான்காம் பாட்டிலும், திருத்தாத அசல் பதிவைக் கடைசிப் பாட்டிலும் வையுங்கள். ஆரவாரமான பாட்டை உள்வளையத்தில் வைத்தால் மங்கல் அல்ல, கிழிசல்தான் கிடைக்கும்.

கரையில் எடுத்த பதிவு இங்கே ஒரு பிரச்சினை கொடுக்கும். 40 சென்டிமீட்டர் விலக்கி வைத்த இரண்டு மைக்கில், காற்றின் தாழ்ந்த உறுமல் இடமும் வலமும் வேறுவேறாகப் பதிவாகியிருக்கும். அது பள்ளத்தை மேலும் கீழுமாக அசைக்கும், ஊசி துள்ளும். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் மோனோவாக்குங்கள் (இடமும் வலமும் ஒரே ஒலி). கரைப்பதிவில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டியே விடுங்கள். விளக்கு முனகல் 100 ஹெர்ட்ஸில் இருப்பதால் அதுவும் நடுவில்தான் நிற்க வேண்டும்.

ஸ்ட்ரீமிங்கில் வேறு தொல்லை. சீறல் போன்ற ஒலியைக் குறைந்த பிட் விகிதத்தில் சுருக்கினால் அது தண்ணீருக்கடியில் உலோகம் சுழல்வதுபோல் மாறும். 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மெல்ல வெட்டி, அளவைக் குறைத்து வைத்தால் தாங்கும். மாஸ்டரிங்கில் (ஆல்பத்தின் இறுதி ஒலித்திருத்தத்தில்) ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரசரை இறுக்கினாலும் கெடும்; பாட்டு அடங்கும் ஒவ்வொரு இடத்திலும் ஓதம் குபீரென எழும், மூச்சிரைப்பது போல. ஒட்டுமொத்த ஒலியளவு மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ் (காதுக்குத் தோன்றும் உரப்பை அளக்கும் அலகு) பக்கம் போதும். பாட்டுகளை இணைக்கும் கரை ஒலியை முந்தைய பாட்டின் வாலில் வையுங்கள், அடுத்த பாட்டின் தலையில் வேண்டாம். தனிப்பாட்டாகக் கேட்பவர் 20 வினாடி சீறலைக் கேட்டதும் தாவிவிடுவார். முழுப் பக்கத்தையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து, பிறகு வெட்டுங்கள். தனித்தனியாக ஏற்றுமதி செய்தால் ரிவெர்ப் வால்கள் அறுபட்டு, பாட்டு மாறும் இடத்தில் 'டிக்' என்று கேட்கும்.

இரண்டாம் பக்கத்தின் முடிவில் மூடிய பள்ளம் ஒன்று வெட்டச் சொல்லலாம். ஊசி அதே வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு சுற்று 1.8 வினாடி. அதில் ஓத ஒலி வைத்தால் தொடர்ச்சி அறுந்து, தட்டும் சத்தமாகத்தான் கேட்கும். ஹார்மோனியத் துருத்தியின் ஒரு இழுப்பும் ஒரு விடுப்பும் 1.8 வினாடிக்குள் அடங்கும்படி வாசித்துப் பதிவு செய்யுங்கள்; நிமிடத்துக்கு 66⅔ அடி என்று மெட்ரோனோமை வைத்தால் இரண்டு அடி கச்சிதமாக உட்காரும். வெட்டுபவருக்கு இதை எழுத்தில் கொடுங்கள், வாய்வார்த்தையாகச் சொன்னால் வழக்கமான மௌனப் பள்ளம்தான் வரும். தானாகக் கை தூக்கும் பிளேயர்களில் இந்தப் பள்ளம் கேட்கவே கேட்காது. ஆகவே பாட்டின் கடைசிச் சொல்லை அங்கே வைக்காதீர்கள், மூச்சை மட்டும் வையுங்கள்.